நீர்வழியிற் பொச்சாவாமை

நிலத்தில் நடப்பவன் ஒரு கணம் அயர்ந்தால் கால் இடறும். எழுந்து, ஆடையிற் பட்ட மண்ணைத் தட்டிவிட்டு மேலே நடப்பான். நீரின்மேற் செல்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் அயர்ந்த கணத்திற் கலம் பாறையிலோ மற்றொரு கலத்திலோ முட்டுமாயின், அவனை நம்பி அதில் ஏறிய அனைவரும் அவ்வயர்வின் பயனை அனுபவிக்க வேண்டியவராகின்றனர். இதுபற்றியே கடலோடும் மக்கள் யாவரும், எம்மொழி பேசுவோராயினும் எந்நாட்டினராயினும், கலத்தில் ஒருவன் எப்பொழுதும் விழித்திருந்து நாற்புறமும் நோக்குதல் வேண்டும் என்பதைத் தலையாய கடமையாகக் கொண்டனர். இக்கடமை எங்ஙனம் விதியாக வளர்ந்தது, அதனைக் கைவிட்டோர் எய்திய துன்பம் யாது, அதனின்றும் நாம் கொள்ளத்தக்கது யாது என்பனவற்றை நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளுமாறு வரலாற்று முறையிற் சுருக்கி உரைப்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். விடுமுறை நாள்களிற் குழந்தைகளுடன் ஏரியிலும் கழிமுகத்திலும் படகேறிச் செல்லும் வழக்கம் நம்மவரிடையே பெருகியிருத்தலின், இது கப்பற்றொழிலாளர்க்கு மட்டும் உரிய செய்தியென்று ஒதுக்கத்தக்கதன்று.

முதற்கண் நம் மொழியிலுள்ள சில சொற்களை நோக்குவோம். கலத்தைச் செலுத்துவோனை நம் முன்னோர் மீகாமன் என்றும், மீகான் என்றும், நீகான் என்றும் வழங்கினர். இரவிற் கடலில் வரும் கலங்கள் துறையை அறிந்து சேருமாறு கரையில் உயரமான இடத்தில் விளக்கெரித்த செய்தியைப் பெரும்பாணாற்றுப்படையாலும் சிலப்பதிகாரத்தாலும் அறிகின்றோம். அவ்விளக்கிற்குக் கலங்கரை விளக்கம் என்பது பெயர். ஈண்டுக் கரைதல் என்பது அழைத்தல் என்னும் பொருளது. காக்கை தன் இனத்தைக் கூவி அழைத்தலைக் கரைதல் என்று இன்றும் வழங்குகின்றோம் அன்றோ? ஆகவே, கலத்தைக் கரையும் விளக்கம், அஃதாவது கப்பலைக் கூவி அழைக்கும் விளக்கு என்பது அத்தொடரின் பொருளாகும். சென்னையிலும் 1796-இற் கோட்டைக்குள் முதன்முதலாக இத்தகைய விளக்கு ஏற்றப்பட்டது. பின்னர் 1844-இல் தனியே நிறுத்திய கற்றூணிலும், 1894-இல் உயர்நீதிமன்றத்தின் கோபுரத்திலும் இடம்மாறி, 1977 முதற் கடற்கரையிலுள்ள இப்பொழுதைய கோபுரத்தில் எரிந்து வருகின்றது. ஆயின் ஒன்று சிந்திக்கற்பாலது. விளக்கு எத்துணை உயரத்தில் நின்று அழைப்பினும், கலத்தில் விழித்திருந்து அதனைக் காண்பான் ஒருவன் இல்லையேல் அவ்வழைப்பு வீணாகும். கரையிலுள்ளோர் செய்யும் உதவி பாதியே. மற்றைப் பாதி கலத்திலுள்ளோன் கண்ணில் இருக்கின்றது.

இன்னும் ஒரு சொல் உண்டு. அது பொச்சாப்பு என்பது. திருவள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அது திருக்குறளின் 54-ஆவது அதிகாரம். மடி வேறு, பொச்சாப்பு வேறு. செய்யவேண்டியதைச் செய்ய மனம் எழாமை மடி. செய்யவேண்டும் என்பதை நன்கு அறிந்தவனே, தன் நிலைமையின் நன்மையால் வந்த மகிழ்ச்சியில் மூழ்கி, அதனை மறந்திருத்தல் பொச்சாப்பு. கடலில் நேர்ந்த கேடுகளின் வரலாற்றை ஆராய்வோர்க்கு, புயலிலும் பேரலையிலும் மாலுமிகள் விழிப்புடன் இருந்தமையும், காற்றடங்கிக் கடல் குளம்போற் கிடந்த நல்லிரவிலேயே அவர்கள் கண்ணயர்ந்தமையும் பலகாலும் புலப்படும். இதற்கு எடுத்துக்காட்டு ஒன்றைக் கொலம்பஸின் முதற் பிரயாணத்திலேயே காணலாம்.

கொலம்பஸ் 1492 ஆகஸ்டு 3-ஆம் நாள் ஸ்பெயின் தேசத்துப் பாலோஸ் துறையினின்றும் சாந்தா மரியா, பிந்தா, நீனா என்னும் மூன்று கப்பல்களுடன் புறப்பட்டார். முதன்முதல் நிலத்தைக் காண்பவனுக்கு ஆண்டுதோறும் 10,000 மாராவெதி என்னும் நாணயம் அளிப்பதாக அந்நாட்டு அரசனும் அரசியும் வாக்களித்திருந்தனர். ஆகவே ஒவ்வொருவனும் கண்ணிமையாது நோக்கினான். அக்டோபர் 12-ஆம் நாள் அதிகாலை ஏறத்தாழ 2 மணிக்குப் பிந்தாவின் காவலிலிருந்த ரொத்ரிகோ தெ திரியானா என்பான் நிலங் கண்டு கூவினான். முந்தின இரவிலேயே தாம் ஓர் ஒளியைக் கண்டதாகக் கூறி அப்பரிசைக் கொலம்பஸ் தாமே பெற்றுக்கொண்டார் என்பது வேறு கதை. நாம் நோக்கற்பாலது யாதெனில், அறியாக் கடலில் அச்சத்தோடும் ஆசையோடும் சென்ற அந்நாள்களில் அவர்களுடைய காவல் சிறிதும் தளரவில்லை என்பதே.

அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இரவு நிகழ்ந்ததைக் காண்க. சாந்தா மரியா இப்பொழுது ஹைத்தி எனப்படும் நாட்டின் வடகரையை ஒட்டிச் சென்றுகொண்டிருந்தது. நிலம் அறிந்த நிலம். கடலோ அசைவற்றுக் கிடந்தது. இரண்டு நாளாக உறங்காதிருந்த கொலம்பஸ் படுக்கச் சென்றார். சுக்கான் பிடித்தவனும் உறக்கத்தை விரும்பி, அங்ஙனம் செய்யலாகாது என்று தலைவர் முன்னரே கட்டளையிட்டிருந்தும், சுக்கானைக் கப்பலில் ஏவல்செய்யும் சிறுவன் ஒருவன் கையிற் கொடுத்துவிட்டான். நீரோட்டம் கப்பலை மெல்ல இழுத்துச் சென்று மணற்றிட்டில் ஏற்றியது. நள்ளிரவில் அச்சிறுவன் கூக்குரலிட்ட பின்னரே ஏனையோர் விழித்தனர். உயிர்ச்சேதம் அப்பொழுது இல்லை. ஆயினும் கப்பல் மீளவில்லை. அதன் மரங்களைக் கொண்டு கரையில் ஒரு சிறு கோட்டை கட்டி, 39 பேரை அங்கே விட்டுக் கொலம்பஸ் ஸ்பெயினுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் மீண்டுவந்தபோது கோட்டை எரிந்து கிடந்தது. 39 பேரில் ஒருவரும் உயிரோடில்லை. ஒருவன் ஓரிரவு உறங்க விரும்பியதன் தொடர்ச்சி அத்துணைத் தூரம் சென்றது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு குற்றங்கள் விளங்குகின்றன. ஒன்று, கடல் அமைதியாயிருந்தமையால் ஆபத்து இல்லையென்று எண்ணியது. மற்றொன்று, காவலைப் பிறர் தலையில் ஏற்றியது. தலைவர் சுக்கான்காரனை நம்பினார். சுக்கான்காரன் சிறுவனை நம்பினான். சிறுவனோ நம்புதற்கு எவரும் இன்றித் தன்னால் இயலாத வேலையைக் கையிற் பிடித்து நின்றான். இவ்விரு குற்றங்களும் பின்வந்த நூற்றாண்டுகளில் உருவம் மாறி மாறித் தோன்றுவதை இனிக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகடலில் திமிங்கில வேட்டைக்குச் சென்ற ஆங்கில மாலுமிகள் பாய்மரத்தின் உச்சியில் ஏறி நின்று பனிப்பாறைகளையும் திமிங்கிலங்களையும் பார்க்க வேண்டியிருந்தது. உறையும் குளிர்காற்றில் நெடுநேரம் நிற்பவனுக்குக் கண்ணில் நீர் வடியும், கை விறைக்கும், கருத்தும் மழுங்கும். விட்பி என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்னும் கப்பற்றலைவர் 1807-இற் பீப்பாய் போன்ற ஒரு கூண்டைச் செய்து பாய்மரத்தின் உச்சியில் அமைத்தார். காவற்காரன் அதனுள் நின்று காற்றடியினின்றும் தப்பிப் பார்க்கலாயினன். காக்கைக் கூடு என்று மாலுமிகள் வழங்கும் அமைப்பு இதுவே. காவல் காப்பவனுடைய உடம்பைக் காவாது அவன் கண்ணை மட்டும் வேலை வாங்க இயலாது என்னும் உண்மையை அம்முதியவர் உணர்ந்தமை பாராட்டத்தக்கது.

பின்னர் நீராவிக் கப்பல்கள் தோன்றின. பாய்க்கப்பல் காற்றின் போக்கிற் செல்வது. நீராவிக் கப்பலோ வேண்டிய திசையில் வேண்டிய விரைவிற் செல்வது. ஆற்றிலும் துறைமுகத்திலும் கலங்கள் நெருங்கின; மோதல்களும் பெருகின. ஆதலின் 1863-இற் பிரிட்டனும் பிரான்சும் கூடி மோதல் தவிர்ப்பதற்குரிய விதிகளை வகுத்தன. பிற நாடுகளும் விரைவில் அவற்றை ஏற்றன. இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை விளக்கு, யார் யாருக்கு வழிவிடுவது என்பன போன்றவை அவற்றுள் அடங்கும். அவ்விதிகளுள் ஒன்று மிக்க நுட்பமுடையது. இவ்விதிகளில் எதனைக் காட்டியும், தக்க நோக்குக் காவல் வையாத குற்றத்தினின்றும் எக்கலத்தாரும் தப்ப இயலாது என்பது அதன் கருத்து. விதியைப் பின்பற்றினேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது என்று விதியே கூறிற்று.

விதி எழுதப்பட்டமையால் மட்டும் உயிர்கள் காக்கப்படவில்லை. 1878 செப்டம்பர் 3-ஆம் நாள் மாலை, இலண்டனுக்குக் கீழே தேம்ஸ் ஆற்றில், உல்லாசப் பிரயாணம் முடித்து வீடு திரும்பிய நூற்றுக்கணக்கான குடும்பத்தினரைச் சுமந்துவந்த பிரின்சஸ் ஆலிஸ் என்னும் கப்பலும், எதிரே வந்த பைவெல் காசில் என்னும் நிலக்கரிக் கப்பலும் மோதின. மற்றைக் கலம் எப்பக்கம் திரும்பும் என்பதைப்பற்றி இரண்டிலும் இருந்தோர் கொண்ட எண்ணம் வேறுபட்டது. பிரின்சஸ் ஆலிஸ் சில நிமிடங்களுள் இரண்டாகப் பிளந்து அமிழ்ந்தது. இறந்தோர் 600-க்கு மேற்பட்டவர். அவர்கள் கடலோடிகள் அல்லர். ஒருநாட் பொழுதுபோக்கிற்காக மனைவி மக்களுடன் சென்றவர்கள். இரண்டு கலத்தாரும் ஒருவரையொருவர் கண்டிருந்தனர். காண்டல் வேறு, கண்டதனை விடாது தொடர்ந்து நோக்கி அதன் போக்கை அறிதல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இனி யாவரும் கேட்டறிந்த டைட்டானிக் கப்பலின் செய்திக்கு வருவோம். 1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அட்லாண்டிக் மாகடல் கண்ணாடிபோற் கிடந்தது. நிலவில்லை, விண்மீன்கள் மட்டும் ஒளிர்ந்தன. காக்கைக் கூட்டில் பிரெடரிக் பிளீட், ரெஜினால்ட் லீ என்னும் இருவர் 10 மணி முதற் காவலிருந்தனர். கப்பல் மணிக்கு 22 கடல் மைலுக்கு மேற்பட்ட விரைவிற் சென்றுகொண்டிருந்தது. அவ்விரவிற் காற்றும் அலையும் இன்மையே பகையாயிற்று. அலை இருந்திருப்பின் பனிப்பாறையின் அடியில் மோதி எழும் வெண்ணுரை தொலைவிலேயே தோன்றியிருக்கும். 11 மணி 40 நிமிடத்திற்குப் பிளீட் இருண்ட உருவம் ஒன்றைக் கண்டு மணியை மும்முறை அடித்து, எதிரே பனிப்பாறை உளது என்று தொலைபேசியிற் கூறினார். ஒரு நிமிடமும் முழுதாகக் கழியாமுன் கப்பலின் வலப்பக்கம் பாறையில் உராய்ந்தது. ஏறத்தாழ 2,200 பேரில் 1,500 பேர் மாண்டனர்.

இதனைக் காவற்காரர் இருவர் குற்றமென்று கூறுதல் நேர்மையாகாது. அவர்கள் விழித்திருந்தனர், கண்டவுடன் அறிவித்தனர். காக்கைக் கூட்டிற்குரிய தொலைநோக்கிக் கண்ணாடி அப்பிரயாணத்தில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அது இருந்திருப்பின் சற்று முன்னரே கண்டிருப்பேன் என்று பிளீட் விசாரணையிற் கூறினார். ஆனால் அதனினும் பெரிய குறை வேறு இருந்தது. பனிக்கட்டி உளது என்னும் எச்சரிக்கை அன்று கம்பியில்லாத் தந்தி வழியே பிற கப்பல்களிலிருந்து பலமுறை வந்தது. அவற்றுள் எல்லாம் கப்பலை நடத்துவோர் கைக்குச் சேரவில்லை. அருகிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பல் பனியிற் சூழப்பட்டு நின்றுவிட்டதாக அறிவிக்க முயன்றபோது, டைட்டானிக்கின் தந்திக்காரர் பிரயாணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்புவதில் ஈடுபட்டிருந்தமையால் அதனை இடைமறித்தார். கூட்டிலிருந்த இரு மனிதர் கண்ணை நம்பி, கண்ணுக்கு எட்டும் தூரத்திற்குள் நிறுத்த இயலாத விரைவிற் கப்பலைச் செலுத்தியதே அடிப்படைக் குற்றமாகும். நோக்குக் காவல் என்பது உச்சியில் நிற்பவனிடம் தொடங்குகின்றதேயன்றி அவனிடமே முடிவதன்று.

அதே இரவில் அதே கடலில் மற்றொரு கப்பல் சென்றதை நாம் மறத்தலாகாது. கார்ப்பேதியா என்னும் அக்கப்பலின் தலைவர் ஆர்தர் ராஸ்ட்ரன் ஆபத்துச் செய்தியைக் கேட்டவுடன் தம் கலத்தைத் திருப்பி, தம் பொறிகள் இயன்ற முழு விரைவில் அவ்விடம் நோக்கி ஓட்டினார். பனிப்பாறைகள் நிறைந்த வழி அது. இருளும் அதே இருள். ஆனால் அவர் காக்கைக் கூட்டிலும், கப்பலின் முனையிலும், மேற்றளத்தின் இருபுறமும் மேலும் காவற்காரரை நிறுத்தினார். தாமும் கண்ணயராது நின்றார். ஒவ்வொரு பனிப்பாறையாகக் கண்டு விலகி, அதிகாலை 4 மணியளவில் அவ்விடம் சேர்ந்து 700-க்கு மேற்பட்டோரைக் காப்பாற்றினார். ஒரே இரவு, ஒரே கடல், விரைவும் இரண்டிலும் உண்டு. ஒன்றில் ஆபத்து இராது என்னும் எண்ணம் தலைமை தாங்கியது. மற்றொன்றில் ஆபத்து உண்டு என்னும் அறிவு தலைமை தாங்கியது. இக்கேட்டின் விளைவாக 1914-இற் கடலில் உயிர்காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை இலண்டனிற் கையெழுத்தாயிற்று. வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் ரோந்தும் நிலைபெற்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராடார் என்னும் கருவி வணிகக் கப்பல்களிலும் பரவிற்று. இருளிலும் மூடுபனியிலும் பல மைல் தொலைவிலுள்ள கலத்தை அது திரையிற் காட்டும். இனி மோதல் இல்லையென்று பலர் மகிழ்ந்தனர். 1956 ஜூலை 25-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நாந்துக்கெட் தீவிற்கு அப்பால், இத்தாலிய நாட்டு ஆந்திரேயா தோரியாவும் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமும் மோதின. இரண்டிலும் ராடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அத்திரையிற் பல மைலுக்கு முன்னரே கண்டன. ஆயினும் திரையிற் கண்ட புள்ளியின் போக்கைச் சரியாக உணராமல், ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் விலகலாமென்று கருதினர். மூடுபனியினுள் இருந்தும் ஆந்திரேயா தோரியா தன் விரைவைச் சிறிதே குறைத்திருந்தது. இருதிறத்தும் இறந்தோர் 51 பேர். ஏனை ஆயிரக்கணக்கானோர் பிற கப்பல்களின் உதவியாற் பிழைத்தனர். கொலம்பஸின் சுக்கான்காரன் சிறுவனை நம்பியதுபோல இவர்கள் கருவியை நம்பினர். கருவி காட்டும், கருதுதல் மனிதன் கடமை.

இவ்வனுபவங்களையெல்லாம் உட்கொண்டு, 1972 அக்டோபர் 20-ஆம் நாள் புதிய சர்வதேச விதிகள் இயற்றப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தன. முன்னைய விதிகளில் நோக்குக் காவல் என்பது கடமை தவறியோர்க்கு விலக்கில்லை என்னும் அளவிலேயே கூறப்பட்டிருந்தது. இப்புதிய விதிகளில் அது 5-ஆம் விதியாகத் தனித்து நிற்கின்றது. ஒவ்வொரு கலமும், எக்காலத்தும், கண்ணாலும் செவியாலும், அவ்வேளைக்கு ஏற்ற எல்லாச் சாதனங்களாலும் தக்க நோக்குக் காவல் வைத்து, நிலைமையையும் மோதல் நேருமோ என்பதையும் முற்ற அறிதல் வேண்டும் என்பது அதன் சாரம். இதன்கண் மூன்று சொற்களை ஊன்றி நோக்குக. ஒவ்வொரு கலமும் என்றமையாற் பெருங்கப்பலுக்கும் சிறு தோணிக்கும் வேறுபாடு இல்லை. எக்காலத்தும் என்றமையாற் பகலும் நல்ல வானிலையும் விலக்கல்ல. செவியாலும் என்றமையால் ஊதுகுழலொலியும் கூக்குரலும் பொறியோசையும் கேட்கப்படவேண்டியவை ஆகின்றன.

இங்ஙனம் விதி முழுமை பெற்ற பின்னரும், 111 ஆண்டுகளுக்கு முன் பிரின்சஸ் ஆலிஸ் அமிழ்ந்த அதே தேம்ஸ் ஆற்றில் மற்றொரு துன்பம் நேர்ந்தது. 1989 ஆகஸ்டு 20-ஆம் நாள் பின்னிரவு 2 மணிக்குச் சற்று முன், பிறந்தநாள் விருந்திற்காகக் கூடிய இளைஞர் பலர் ஏறிய மார்ஷியோனஸ் என்னும் உல்லாசப் படகை, பின்னிருந்து வந்த போபெல் என்னும் மணல்வாரிக் கப்பல் இலண்டன் நகரின் நடுவிலேயே மோதியது. படகு அரை நிமிட அளவில் அமிழ்ந்தது. 51 பேர் மாண்டனர். இரண்டு கலத்திலும் தக்க நோக்குக் காவல் இல்லை என்பது ஆராய்ச்சியில் வெளிப்பட்ட முதன்மையான காரணம். பெரிய கப்பலை நடத்துவோர்க்கு முன்புறம் நன்கு தெரியவில்லை. சிறிய படகை நடத்துவோர்க்குப் பின்புறம் நன்கு தெரியவில்லை. நதிக் கரைகளில் நகரின் விளக்குகள் ஒளிர, படகினுள் இசை முழங்க, ஒருவரை ஒருவர் அறியாமலேயே இரு கலங்களும் ஒரே வழியிற் சென்றன. பின்னர் 2002-இல் அந்நதியில் உயிர்காப்புப் படகு நிலையங்கள் அமைக்கப்பட்டன.

இச்செய்திகள் தொலைதேயத்தன என்று எண்ணவேண்டா. 2012 மார்ச்சு 1-ஆம் நாள் கேரளத்தின் ஆலப்புழைக் கடலில் ஒரு வணிகக் கப்பல் மீன்பிடி படகொன்றின்மேல் மோதி மீனவர் ஐவர் உயிரிழந்தனர். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால், தமிழ்நாட்டு மீனவரும் வங்காள மீனவருமாக 14 பேர் சென்ற படகு ஒரு பெருங்கப்பலுடன் மோதியதில், இருவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டனர். ஏனையோர் இறந்தும் காணாமற்போயும் ஒழிந்தனர். மோதலிற் குற்றம் எவர்மேலதாயினும் அழிவது பெரும்பாலும் சிறு படகே. பெருங்கப்பலில் இருப்போர்க்கு மோதியதுகூடத் தெரியாமற் போதல் உண்டு.

இஃது எங்ஙனம் நேர்கின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் உயரத்தில் கண்ணையுடையவனுக்கு அடிவானம் ஏறத்தாழ 3 கடல் மைல் தொலைவிலேயே உளது. ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். மணிக்கு 20 கடல் மைல் விரைவில் வரும் கப்பல் அத்தொலைவை 9 நிமிடத்திற் கடந்துவிடும். வலையை எடுத்தலிலோ உணவு சமைத்தலிலோ 10 நிமிடம் தலைகவிழ்ந்திருப்பவனுக்கு, முன்பு வெறுமையாயிருந்த கடலில் இப்பொழுது கப்பல் மிக அண்மையில் வந்து நிற்கும். மற்றொரு பக்கம், பெருங்கப்பலை நடத்துமிடத்திலிருந்து நோக்குவோனுக்குக் கப்பலின் முன்புறத்தை அடுத்த நீர்ப்பரப்பு மறைந்திருக்கும். அம்மறைவு 500 மீட்டருக்கு மேற்படலாகாது என்றே சர்வதேச விதி வரையறுத்துள்ளது. அஃதாவது, விதிக்குட்பட்ட கப்பலாயினும் அதன் முகத்திற்கு நேரே நெருங்கிவிட்ட சிறு படகு அவன் கண்ணிற் படாது. ஆகவே, அவன் நம்மைக் கண்டிருப்பான் என்று சிறு படகிலுள்ளோன் ஒருபோதும் எண்ணலாகாது.

மோதல் நேருமோ என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. எதிர்ப்படும் கலத்தை நம் படகின் ஒரு கம்பத்தோடு ஒத்துப் பார்த்து, நம் படகு திசைமாறாது செல்ல, நாமும் இருந்த இடத்தினின்றும் பெயராது சற்று நேரம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். அக்கலம் கம்பத்திற்கு முன்னோ பின்னோ நகர்ந்திருப்பின் பெரும்பாலும் அது நம்மைக் கடந்துபோம். நகராமல் அதே கம்பத்திற்கு நேரே நின்று உருவம் மட்டும் பெருகுமாயின், இரண்டும் ஓரிடத்தை நோக்கியே செல்கின்றன என்பது துணிவு. அசையாது நிற்பதுபோலத் தோன்றும் கலமே ஆபத்தானது. ஒளியுள்ள இடத்தினின்றும் இருளுக்கு வந்த கண், இருளிற் பழகுவதற்கு அரைமணி நேரம்வரை ஆகும் என்பதையும் நினைவிற் கொள்க. காவலிருப்போன் முகத்தில் விளக்கை அடித்தலும், அவனிடம் கைப்பேசித் திரையை நீட்டுதலும் அவன் கண்ணைக் கட்டுதற்கு ஒப்பாம்.

படகேறும் நம் குடும்பத்தார்க்கு இவற்றினின்றும் சில கடமைகள் பெறப்படுகின்றன. படகு செலுத்துவோன் பார்வையை மறைத்து அவன் முன்னே நின்று படம் எடுத்தலும் கூடிப் பேசுதலும் வேண்டா. அவனோடு வேடிக்கை பேசி அவன் கருத்தைத் திருப்பவும் வேண்டா. அவன் பின்புறம் காணாதவன். ஆதலின் பின்னமர்ந்த பெரியவர் ஒருவர் பின்னோக்கும் பொறுப்பை ஏற்பாராக. பிறிதொரு படகோ, நீந்துவோரோ, வலையோ, மிதக்கும் கட்டையோ கண்ணிற்பட்டால், அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று வாளாவிராமல் உடனே உரக்கக் கூறுக. அதனாற் படகுகாரரும் வருந்தார். காட்சியொன்றைக் காண்பதற்காக அனைவரும் ஒருபக்கம் விரைந்து திரளுதல் கூடாது. உயிர்காப்புச் சட்டையை ஏறும்பொழுதே குழந்தைகளுக்கு முதலில் அணிவித்துத் தாமும் அணிக. மோதிய பின் அணிய நேரம் இராது என்பதை மார்ஷியோனஸின் அரை நிமிடம் நமக்குக் கற்பிக்கின்றது. அந்திக்குப் பின் விளக்கில்லாப் படகில் ஏறுதலை அறவே விலக்குக.

மீன்பிடித்தலிலோ கப்பற்றொழிலிலோ ஈடுபட்ட இளைஞர்க்குக் கூறுவது ஒன்றுண்டு. நால்வர் செல்லும் படகிலும் ஒருவர் உறங்கும் முறை வேறு, ஒருவர் விழிக்கும் முறை வேறு என்று வகுத்துக்கொள்க. விழிக்கும் முறையினன் வேறு வேலை செய்யலாகாது. முறை மாறும்போது, தான் கண்ட விளக்குகளையும் அவற்றின் திசையையும் அடுத்தவனிடம் வாயாற் கூறி ஒப்புவித்த பின்னரே அவன் படுக்கவேண்டும். இளையவன் கையிற் காவலைக் கொடுப்பதாயின், அவனுக்கு அது இயலுமா என்று முதலில் அறிந்து, ஐயம் எழுந்தால் அஞ்சாது எழுப்புமாறு அவனிடம் சொல்லிவைக்க வேண்டும். எழுப்பியவனைக் கடிந்துகொள்வோன் அடுத்தமுறை எழுப்பப்படாமலேயே போவான்.

ஐந்நூறு ஆண்டுகளில் கலங்கள் மாறின. பாய்போய் நீராவியும், நீராவிபோய் எண்ணெயும் வந்தன. காக்கைக் கூட்டிற்கு மேல் ராடாரும் வந்தது. கேட்டிற்குக் காரணமாக நிற்பவை மட்டும் அவ்விரண்டே: இன்று ஒன்றும் நேராது என்னும் களிப்பு, வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்னும் எண்ணம். வரும் விடுமுறையிற் படகேறும் நம் அன்பர்கள் களித்து மகிழ்க. அக்களிப்பு இடையறாதிருத்தற்பொருட்டே அவர்களுள் ஒருவர் கண் நீர்ப்பரப்பின்மேல் இருப்பதாக.